நாடாவும் பெட்டியும்

எங்கள் வீட்டிலிருந்த பழைய வீடியோ டெக்கை 2011-ல் இரும்புக் கடையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் டிஜிட்டல் ரிக்கார்டர் ஒன்றை வைத்தேன். நாவல் எழுதுகிறவனுக்கு யந்திரங்களைப் பற்றி என்ன அபிப்பிராயம் வேண்டிக் கிடக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். ஒன்றை எப்படிச் சேர்த்து வைக்கிறோம், எதை அழிக்கிறோம் என்பதும் கதையைச் சேர்ந்த விஷயம்தான் என்பது என் கட்சி.

'ரிக்கார்டர்' என்ற அமெரிக்க டாகுமெண்டரியைப் பார்த்த பிறகு இந்தக் கட்சி பலப்பட்டிருக்கிறது. மாட் உல்ஃப் எடுத்து 2019-ல் வெளிவந்த படம். பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்று ஒரு பெண்மணி. ஒரு காலத்தில் நூலகத்தில் வேலை பார்த்தவர். ஈரானில் அமெரிக்கர்களைப் பிணை பிடித்த 1979-லிருந்து, 2012 டிசம்பரில் கண்ணை மூடும் வரையில், டெலிவிஷன் செய்திகளை இரவும் பகலும் நாடாவில் பதிந்துகொண்டே இருந்தார். ஒரே சமயத்தில் பல டெக்குகள் ஓடும். நாடா தீரும் நேரம் வந்தால், வெளியே போனவர்கள் போன காரியத்தைப் பாதியில் விட்டு வீடு திரும்ப வேண்டும். கடைசியில் சேர்ந்தவை சுமார் 70,000 நாடாக்கள்.

படத்தின் சிறந்த இடம் 2001 செப்டம்பர் 11 காலை. பல சேனல்களைக் கட்டம் கட்டமாக ஒரே திரையில் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் கோபுரத்திலிருந்து புகை வருகிறது; பக்கத்துக் கட்டத்தில் வழக்கமான காலை நிகழ்ச்சி. பிறகு ஒவ்வொரு கட்டமாகப் புகைக்கு மாறுகிறது. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. நல்ல நாவலாசிரியன் செய்யக்கூடிய காரியம் அது.

குறையும் உண்டு. இத்தனை பதிவுக்கு அந்தக் குடும்பம் என்ன விலை கொடுத்தது என்பதைப் படம் மறைக்கவில்லை. ஆனால் நாடாக்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற ஸ்தாபனத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், பட்டதற்கெல்லாம் பலன் கிடைத்துவிட்டது போல் நிம்மதி அடைந்துவிடுகிறது. எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. அதற்காக அந்த அம்மாளைப் பைத்தியம் என்று சொல்லவும் மாட்டேன். பெரிய பி.பி.சி.யே 1960-களிலும் 1970-களிலும் பல நிகழ்ச்சிகளை அழித்து, அதே நாடாவில் வேறொன்றைப் பதிந்திருக்கிறது.

புதுப் பெட்டியின் சௌகரியத்தை நான் மறுக்கவில்லை. ஓடுகிற நிகழ்ச்சியை நிறுத்தி வைத்துவிட்டுக் காபி குடிக்கலாம், விளம்பரத்தைத் தாண்டலாம். ஆனால் பதிந்தது நம்முடையதல்ல. அம்மா ஒரு மார்கழி முழுவதும் சேர்த்து வைத்த கச்சேரிகள், பழுதான பெட்டியைக் கம்பெனிக்காரர்கள் மாற்றிக்கொண்டு போன அன்றே போய்விட்டன. சுவடுகூட மிஞ்சவில்லை.

நாடாவில் அழிப்பு இவ்வளவு சுத்தமாக நடக்காது. புதிதாகப் பதிந்தது முடிந்த இடத்தில், கோடுகள் நெளிந்து, பழையதன் வால் எட்டிப் பார்க்கும். என் தகப்பனார் ஒரு முறை 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியில் விவசாயிகளோடு உட்கார்ந்து பேசினார். அதை வீட்டில் பதிந்து வைத்திருந்தோம். பத்து வயதில் நான் அதன் மேல் ஒரு கிரிக்கெட் மாட்சைப் பதிந்துவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "மாட்ச் நன்றாக வந்திருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். மாட்ச் முடிந்த பிறகு சுமார் இருபது விநாடி அவர் மிஞ்சியிருந்தார். வெள்ளைச் சட்டையில், ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார். அதோடு நாடா தீர்ந்துவிடுகிறது.

அவர் காலமான பிறகு அம்மா அந்த இருபது விநாடியைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்ப்பாள். டெக்கை நான் கடையில் போட்டுவிட்டு வந்த அன்று, "அப்பாவை இனிமேல் எதிலேடா பார்க்கிறது?" என்று கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை. ஜப்பானில் புனாய் கம்பெனி 2016 ஜூலையில் டெக் செய்வதை நிறுத்தியது. அதற்குப் பின் புதிதாக வாங்கவும் வழியில்லை.

எதையும் அழிக்காத மரியன் ஸ்டோக்ஸுக்குத் தம் நாடாக்களைத் திரும்பப் பார்க்க ஓர் ஆயுள் போதாது. அழித்தவனுக்கு மிஞ்சியது இருபது விநாடி. அதில் ஒவ்வொரு விநாடியும் எனக்கு மனப்பாடம். எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை.

நாடா அம்மாவின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. டெக் இன்னும் ஓடுகிற வீடு எதையாவது அறிந்த வாசகர்கள் ஒரு வரி எழுதினால் வந்தனத்துடன் ஏற்றுக்கொள்வேன்.