சென்னையின் எஃப்.சி.: கோப்பை உண்டு, வேர் வேண்டும்

2015, 2018, 2019. இந்த மூன்று ஆண்டுகளிலும் தேசிய லீக் பட்டம் ஒன்று சென்னையின் பெயரைத் தாங்கிய அணிக்கு வந்தது. முதல் இரண்டும் ஐ.எஸ்.எல். கோப்பைகள், வென்றது சென்னையின் எஃப்.சி. மூன்றாவது ஐ-லீக், வென்றது சென்னை சிட்டி எஃப்.சி. கிரிக்கெட் ஊர் என்று பெயர் வாங்கிய நகரத்துக்கு இது சாதாரணச் சாதனை அல்ல. ஆனால் கல்மண்டபம், காசிமேடு, வியாசர்பாடி என்று பந்தோடு வளரும் வடசென்னைக்கு இந்தக் கோப்பைகளால் என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

2015-ம் ஆண்டுப் பட்டத்தை முதலில் பார்ப்போம். மார்க்கோ மாட்டெராஸ்ஸி பயிற்சியளித்த அணி பாதித் தொடர் கடந்தபோது பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அந்த டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதால் சொந்த மண்ணில் ஆடவேண்டிய அரையிறுதியைப் புனேவில் ஆடியது. கொல்கத்தாவை 3-0 என்று வீழ்த்தியது. இறுதிப்போட்டியில் 90-வது நிமிடம் நெருங்கும்வரை கோவா 2-1 என முன்னிலை. அங்கிருந்து ஸ்கோர் 2-2 ஆனது. 90 நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் ஸ்டீவன் மெண்டோசா கோல் அடித்து 3-2 என்று முடித்துவைத்தார். அந்தத் தொடரில் அவர் அடித்தது 13 கோல்கள்.

2018 பட்டம் வேறு ரகம். அது பயிற்சியாளர் ஜான் கிரிகரியின் திட்டமிட்ட ஆட்டம். பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த இறுதிப்போட்டியின் 9-வது நிமிடத்திலேயே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். சென்னை பதறவில்லை. கிரிகரி நெல்சன் எடுத்த கார்னர்களில் தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ் எழும்பித் தலையால் இரண்டு கோல் அடித்தார். ரஃபேல் அகுஸ்டோ மூன்றாவதைச் சேர்க்க, 3-2 என்று கோப்பை கைக்கு வந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 3-0 என்று நொறுக்கிய அரையிறுதியில் இரண்டாவது கோலை அடித்தவர் தனபால் கணேஷ். வியாசர்பாடிக்காரர். நடுக்களத்தில் எதிரணியின் தாக்குதலை முறித்துப் பந்தைப் பறிப்பதே அவர் வேலை. அந்த வேலை இல்லாமல் அந்தப் பட்டம் இல்லை.

அடுத்த பருவத்தில் சாம்பியன் அணி 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பதே புள்ளி என்று கடைசி இடத்துக்குப் போனது. காயம்பட்ட தனபால் பெரும்பாலும் களத்தில் இல்லை. 2019-20-ல் மறுபடி சறுக்கல். பயிற்சியாளராக ஓவன் காய்ல் வந்து தூக்கி நிறுத்தி இறுதிப்போட்டிவரை கொண்டுபோனார். அங்கே ஏ.டி.கே.விடம் 1-3 தோல்வி. அதன்பின் இறுதிப்போட்டி வாசலையே அணி மிதிக்கவில்லை. ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் இந்த வரலாற்றுக்குக் காரணம் ஒன்றுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நல்ல வெளிநாட்டு வீரர்கள் அமைந்த ஆண்டில் அணி பறக்கிறது. அவர்கள் போனதும் விழுகிறது. ஆண்டு மாறினாலும் மாறாமல் நிற்கும் உள்ளூர்க் கூட்டம் ஒன்று அணிக்குள் உருவாகவே இல்லை.

சென்னை சிட்டியின் கதை இன்னும் வலிக்கிறது. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபிடம் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் வாங்கியும், பெட்ரோ மான்சியின் பெனால்டியாலும் கௌரவ் போராவின் இரண்டு கோல்களாலும் 3-1 என வென்று பட்டத்தைத் தட்டிச் சென்றது. புள்ளிகள் 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஆனால் பெயரில் சென்னை இருந்த அந்த அணி சொந்த ஆட்டங்களை ஆடியது கோயம்புத்தூரில். பட்டம் வென்ற இரண்டே ஆண்டில் தேசிய லீக்கிலிருந்தே காணாமல் போயிற்று. எந்தத் தெருவும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளாத அணி கரைந்துபோனால் கேட்க ஆளிருக்காது.

திறமைக்குப் பஞ்சமா? 2023 ஆகஸ்ட் 12, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், டூரண்ட் கோப்பை. 60-வது நிமிடத்தில் வலது ஓரத்தில் பந்தை வாங்கினார் ஈஸ்ட் பெங்காலின் நந்தகுமார் சேகர். எதிரே மோகன் பகானின் அனிருத் தாப்பா. உள்பக்கம் வெட்டி, இடது காலால் வளைத்து அனுப்பிய பந்து தூரத்துக் கம்பத்தை ஒட்டி வலைக்குள் போனது. நான்கரை ஆண்டாக அந்த மோதலில் வெற்றியே பார்க்காத ஈஸ்ட் பெங்கால் 1-0 என வென்றது. 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பை இறுதியிலும் நந்தகுமார் கோல் அடித்தார். அந்த அணியின் 12 ஆண்டுக் கோப்பைத் தாகம் தீர்ந்தது. இவரும் வியாசர்பாடிப் பையன்தான். நம் ஊர்க் கால் கொல்கத்தாவின் தாகத்தைத் தீர்த்திருக்கிறது.

வடசென்னை போன்ற துறைமுகத் தொழிலாளர் பகுதியிலிருந்து பெரிய கிளப் எழ முடியுமா என்று கேட்பவர்கள் லண்டனைப் பார்க்கட்டும். தேம்ஸ் கரையில் கப்பல் கட்டிய தொழிற்சாலையின் ஆட்கள் 1895-ல் தொடங்கிய அணிதான் இன்றைய வெஸ்ட் ஹாம் யுனைடெட். 1966 உலகக் கோப்பையை ஏந்திய இங்கிலாந்து கேப்டன் பாபி மூர் அந்த கிளப்பின் வளர்ப்பு. இறுதிப்போட்டியில் இங்கிலாந்து அடித்த நான்கு கோல்களையும் அடித்த ஜெஃப் ஹர்ஸ்ட், மார்ட்டின் பீட்டர்ஸ் இருவரும் அப்படியே. துறைமுகம், தொழிற்சாலை, ரயில் யார்டு என்று அதே வாழ்க்கைதான் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நடக்கிறது.

கல்மண்டபத்திலிருந்து நேரு ஸ்டேடியம் சில கிலோமீட்டர்தான். சென்னையின் எஃப்.சி. செய்ய வேண்டியதும் அவ்வளவு தூரத்திலேயே இருக்கிறது. வடசென்னையில் 13, 15, 17 வயதுப் பிரிவுகளுக்கு நிரந்தரப் பயிற்சி மையம் வேண்டும். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் ஆண்டுக்கணக்காகப் பிள்ளைகளை உருவாக்கும் பயிற்சியாளர்களுக்குச் சம்பளமும் மரியாதையும் தர வேண்டும். முதன்மை அணியில் ஒவ்வொரு பருவமும் இங்கிருந்து வந்த இருவருக்காவது உண்மையான ஆட்ட நேரம் கிடைக்க வேண்டும். மாநகராட்சி தன் பங்குக்கு இங்குள்ள திடல்களுக்கு விளக்கும் புல்தரையும் போட்டுத் தரட்டும். ஜெர்சியில் மூன்றாவது நட்சத்திரம் எப்போது என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். அடுத்த தனபாலும் அடுத்த நந்தகுமாரும் சென்னைச் சட்டையிலேயே ஆடத் தொடங்கினால் அது தானாக வரும். வந்தபிறகு நிலைக்கவும் செய்யும்.