ஆயில் இன்ஜின் வெந்நீர்

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்காத ஆண்டுகளில் தஞ்சைக் குறுவை நாற்றைப் பல வயல்களில் காத்தவை ஃபில்டர் பாயிண்ட் என்னும் ஆழம் குறைந்த குழாய்க் கிணறும் ஆயில் இன்ஜினும். அந்த இன்ஜினில் என் மனம் கவர்ந்தது ஓர் ஒல்லிக் குழாய். பம்பு தள்ளும் தண்ணீரில் கொஞ்சம் பிரித்து இன்ஜினுக்குக் கொண்டுபோகும். ரேடியேட்டர் இல்லை, விசிறி இல்லை. நீர் சிலிண்டர் உறையின் அடியில் நுழைந்து, ஹெட் வழியே மேலேறி, வெதுவெதுப்பாக வாய்க்காலில் விழும். அடியில் நுழைவதுதான் சூட்சுமம்: உள்ளிருக்கும் காற்று மேலேறி வெளியேறிவிடும். காற்று தங்கினால் அந்த இடத்தில் இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறும்.

தை விடியலில் அந்த நீரில் குளிப்பது தனிச் சுகம். மின்மோட்டார் கொட்டகையில் அது கிடைக்காது. உங்கள் ஊரில் இன்ஜின் இன்னும் ஓடினால், அந்தக் குழாயடியில் ஒருமுறை கை நீட்டிப் பாருங்கள்.