தூர்தர்ஷன் விளம்பரங்களும் நினைவேக்கமும்

தூர்தர்ஷன் 1976-ல் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. 1980-களில் சிறுவர்களாக இருந்தவர்கள் நிர்மா பாட்டையும் சர்ஃப் விளம்பரத்தின் லலிதாஜியையும் இன்றும் ஏக்கத்துடன் நினைவுகூர்கிறார்கள். பெரும்பாலான ஊர்களில் அன்று இருந்தது ஒரே அலைவரிசை. தொலைக்காட்சி உள்ள வீட்டில் தெருவே கூடியது. மாற்றிப் பார்க்க வழியில்லாததால் விளம்பரங்களும் பொது நினைவாயின. ஏக்கம் உண்மையில் அந்தக் கூடலுக்கானது.

அது ஒன்றை மறைக்கவும் செய்கிறது. மலிவான நிர்மாவின் போட்டியைச் சமாளிக்க அலீக் பதம்ஸீயின் லிண்டாஸ் நிறுவனம் உருவாக்கிய பாத்திரம் லலிதாஜி. விலையையும் தரத்தையும் எடைபோடத் தெரிந்த, எவரிடமும் ஏமாறாத பெண். ஆனால் அந்த அறிவு சலவைத்தூளைத் தேர்ந்தெடுப்பதோடு நின்றது. அதில் நடித்த கவிதா சௌத்ரி, 1989-ல் வெளிவந்த ‘உடான்’ தொடரை எழுதி இயக்கி, காவல்துறை அதிகாரியாகவும் நடித்தார். லலிதாஜியை நினைப்பவர்கள் இந்த இரண்டாவது பெண்ணையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.