தவிட்டுப்பழத்தைச் செடியருகே நின்று தின்னுங்கள்

தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் போகிறவர்கள் வர்க்கியும் தேயிலையும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். தேயிலைத் தோட்டம் முடிந்து சோலைக்காடு தொடங்கும் ஓரத்தில் தவிட்டுப்பழம் பழுத்து நிற்பதைப் பார்க்காமலே வருகிறார்கள் என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

புதரை அடையாளம் காண்பது சுலபம். இலைகள் எதிரெதிராக இருக்கும். ஒன்றைத் திருப்பிப் பாருங்கள்: அடிப்புறம் வெளுத்து, தடவினால் மெத்தென்றிருக்கும், அடியிலிருந்து மூன்று நரம்புகள் நுனி நோக்கி ஓடும். பூ ரோஜா நிறம். பழம் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிது, தலையில் ஐந்து இதழ்க் கிரீடம் இருக்கும். கொய்யா, நாவலின் சொந்தம்.

பச்சையாக இருந்து, செம்பழுப்பாகி, கருஊதாவுக்கு வரும். கறுத்துவிட்டதே என்று உடனே பறித்துவிடாதீர்கள். இரு விரலால் லேசாக அழுத்தினால் அமுங்க வேண்டும், தொட்டதும் காம்பைவிட்டுக் கழல வேண்டும். இழுத்துப் பறித்த பழத்தின் துவர்ப்பு நாக்கை வெகுநேரம் விடாது. அடைமழையில் ஊறிய பழமோ சப்பென்றிருக்கும். மழை ஓய்ந்து ஓரிரு நாள் வெயில் பட்ட பழத்தைத் தேடுங்கள். பாதியாகக் கடித்து உள்ளே பாருங்கள். ஊதாச் சதைக்குள் பொடி விதைகள் நெருங்கிக் கிடக்கும். அவற்றைத் துப்பாமல் மென்றால்தான் இனிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மணம் மேலே வரும். வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். பையில் நசுங்கிய பழத்தில் அந்த மணம் இருக்காது.

நீலகிரி சிரிப்பான் என்ற பறவையும் இந்தப் பழத்துக்கு வரும். அதன் சிரிப்பு கேட்டால் அந்தப் பக்கம் நடக்கலாம். ஆனால் பறவை தின்கிறது என்பதற்காக முன்பின் தெரியாத எதையும் வாயில் போடக் கூடாது. பறவைக்கு ஒத்துக்கொள்வது நமக்கு விஷமாகலாம். உள்ளூர்க்காரர் ஒருவரோடு போவதே சரி. காப்புக்காட்டுக்குள்ளும் முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் பறிக்க நமக்கு அனுமதி இல்லை. சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமை, 2006 வன உரிமைச் சட்டப்படி, அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு உரியது. ஊர்ப்பாதையோரமும், சொந்தக்காரர் சம்மதித்த தோட்ட ஓரமும் நமக்குப் போதும். மூடுபனி கலையும்வரை பொறுங்கள்; புதருக்கு அந்தப் பக்கம் காட்டுமாடோ கரடியோ நிற்பது அங்கே சாதாரணம்.

ஒரே நடையில் முள்ளுப்பழமும் ஊசிக்களாவும்கூடக் கிடைத்தால் வரிசை முக்கியம். மஞ்சள் முள்ளுப்பழத்தில் தொடங்குங்கள். பழுத்திருந்தால் நடுத்தண்டைச் செடியிலேயே விட்டுவிட்டு, குழிந்த கிண்ணமாகக் கையில் வரும். அதன் மென்மையான இனிப்பு வேறு எதற்குப் பின்னும் எடுபடாது. அடுத்தது தவிட்டுப்பழம். சாம்பல் பூத்த நீலமாய், முள்ளுக்கிடையே தொங்கும் ஊசிக்களாவைக் கடைசிக்கு வையுங்கள். அந்தப் புளிப்பு ஏறிய நாக்கில் அப்புறம் எந்தப் பழமும் ருசிக்காது.