ஃபோல்டர் நிறைந்தால் யாரை எழுப்புவது?

புனேயில் விஷ்ராந்த்வாடி, தானோரி பக்கம் குடியிருக்கும் ஐடி ஊழியர்களில் பலருக்கு எரவாடாவிலோ கல்யாணி நகரிலோ கராடியிலோ வேலை. அதில் ஒரு பகுதியினருக்கு இரவு ஷிஃப்ட். கடல் கடந்த வாடிக்கையாளரின் சர்வர்களை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் தொழில். திரையில் வந்து விழும் அலர்ட்டுகளில் எதைப் படிக்காமலே மூடுவீர்கள் என்று அவர்களிடம் கேட்டால், 'இன்ன ஃபோல்டர் இத்தனை ஜிபியைத் தாண்டிவிட்டது' என்பதைத் தயங்காமல் சொல்வார்கள். இந்த அலட்சியத்துக்குக் காரணங்கள் உண்டு. அதற்காக ஃபோல்டரை அளப்பதே வீண் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. அது கணக்குப் பார்க்கும் வேலை. அதைத் தீயணைப்பு மணியாக மாற்றி நடு ராத்திரியில் அடிக்கவிட்டதில்தான் கோளாறு என்பது என் கட்சி.

ஏற்பாடு எளியது. லினக்ஸில் 'டியூ' என்றொரு கட்டளை. 1971இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே அது இருக்கிறது. காட்டிய ஃபோல்டருக்குள் இறங்கி, கோப்பு கோப்பாக அளவைக் கேட்டுக் கூட்டிச் சொல்லும். அதை ஒரு ஸ்கிரிப்ட்டில் போட்டு, வந்த எண்ணை வரம்போடு ஒப்பிட்டு, மீறினால் மெயில் அனுப்பச் சொல்லி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில் மணிக்கொரு தடவை ஓடவிட்டால் முடிந்தது. விண்டோஸ் என்றால் பவர்ஷெல். பத்துப் பதினைந்து வரிக்கு மேல் போகாது. லைசென்ஸ் செலவில்லை, மேலதிகாரியின் அனுமதியும் வேண்டாம். இது இவ்வளவு பரவியதற்கு இந்தச் சுலபம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

சுலபம் மட்டுமே அதன் பெருமை அல்ல. டிஸ்க் முழுவதன் கணக்கை 'டிஎஃப்' கட்டளை நொடியில் தந்துவிடும்: 91 சதவீதம் என்று. அந்த 91 யாருடையது என்று அது சொல்லாது. விஷ்ராந்த்வாடிக்குப் பக்கத்தில், போசரி தொழிற்பேட்டையின் பட்டறைகளுக்கு வரைபடம் போட்டுக்கொடுக்கும் பத்துப் பேர் அலுவலகம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் பொதுவாக ஒரே சேமிப்புப் பெட்டி. வரைபடங்கள், டேலி கணக்கு, ஸ்கேன் செய்த பில்கள், வாசல் கேமராவின் பதிவு, எல்லாம் அதற்குள்தான். பெட்டி நிறையும்போது பழி வரைபடப் பிரிவின் மேல்தான் விழும், ஏனென்றால் 'பெரிய ஃபைல்' வைத்திருப்பவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் அவர்கள். ஃபோல்டர்வாரியாக அளந்து பார்த்தால் கதை வேறு. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கேமரா நாளொன்றுக்குச் சுமார் 21 ஜிபி எழுதும். நாலு கேமரா, முப்பது நாள் என்றால் இரண்டரை டிபி போய்விடும். பதிவை எத்தனை நாள் வைப்பது என்ற அமைப்பை ஒரு தடவை திருத்தினால் தீரக்கூடிய விஷயம் அது. அளக்காமல் இருந்திருந்தால் புதிய பெட்டிக்கு விலை கேட்டிருப்பார்கள்.

இந்த முறையின் பெரும் பலம் இங்கேதான் இருக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெயர் வருகிறது. வாரத்துக்கு ஒரு பட்டியல், ஃபோல்டர், அதன் பொறுப்பாளர், போன வாரத்தைவிட எவ்வளவு கூடியது என்று மூன்றே பத்தி. அதை எல்லோர் கண்ணிலும் படும்படி அனுப்பினால், 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் புதுசு 2' என்று கிடக்கும் நகல்களை ஆட்கள் தாங்களாகவே அழிக்கத் தொடங்குவார்கள். அட்மின் எதிலும் கை வைக்க வேண்டியதில்லை. தன்னுடைய பெயர் முதல் வரியில் நிற்பதை யார்தான் விரும்புவார்கள்?

குறைகளுக்கு வருவோம். அளப்பதற்கே ஒரு விலை உண்டு. லட்சக்கணக்கான சின்னக் கோப்புகள் உள்ள ஃபோல்டரில் 'டியூ' ஒவ்வொன்றையும் தொட்டாக வேண்டும். சுழலும் டிஸ்க்கில் இது மணிக்கணக்கில் இழுக்கும். க்ரானுக்கு அதெல்லாம் தெரியாது. ஒன்று முடியுமுன் அடுத்ததைத் தொடங்கிவிடும். காலையில் வந்து பார்த்தால் ஐந்தாறு 'டியூ' ஒன்றின் மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும், சர்வர் திணறும். ஏன் மெதுவாகிவிட்டது என்று டிக்கெட் வரும். நெட்வொர்க் வழியாக இணைத்த ஃபோல்டர் அறுந்துபோயிருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே தொங்கி நின்றுவிடுவதும் உண்டு.

இதற்கு மாற்று எப்போதோ வந்துவிட்டது. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறையில் ஒரு ஃபோல்டருக்கென்றே கோட்டா வைக்கலாம். இசட்எஃப்எஸ்ஸில் தனித்தனி டேட்டாசெட் பிரித்துக்கொள்ளலாம். விண்டோஸ் சர்வரில் 2003 ஆர்2 பதிப்பிலிருந்தே ஃபோல்டர் கோட்டா உண்டு, தாண்டினால் மெயிலும் அதுவே அனுப்பும். இவற்றில் எழுதும்போதே கூட்டலும் கழித்தலும் நடந்துவிடுகிறது. கேட்டால் விடை தயாராக இருக்கும், தேடி அலைய வேண்டியதில்லை. இந்த வசதி கையில் இருந்தும் மணிக்கொரு 'டியூ' ஓட்டுவது வெறும் பழக்கதோஷம்.

அடுத்த குறை இன்னும் ஆழமானது. சர்வரைக் கொல்லும் காரணம் பல சமயம் ஃபோல்டரின் அளவில் தெரிவதே இல்லை. இரவு ஷிஃப்ட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"அண்ணே, டியூ போட்டா லாக் ஃபோல்டர் 40 ஜிபிதான் காட்டுது. டிஎஃப் 97 சதவீதம்ங்குது. எதை நம்புறது?"

"பகல்ல யாராச்சும் பெரிய லாக்கை டெலீட் பண்ணாங்களா?"

"ஆமாண்ணே, ஏதோ 200 ஜிபி ஃபைலாம், தூக்கிட்டாங்களாம்."

"பேரைத்தான் தூக்கியிருக்காங்க. அப்ளிகேஷன் அதை இன்னும் மூடலை, எழுதிக்கிட்டே இருக்கும். எல்எஸ்ஓஎஃப் போட்டுப் பாரு, டெலீடட்னு நிக்கும்."

யூனிக்ஸில் கோப்பை அழித்தால் போவது அதன் பெயர். கடைசி நிரல் அதை மூடும்வரை இடம் திரும்பாது. பெயரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் 'டியூ'வுக்கு அந்தக் கோப்பு இல்லை, டிஸ்க்குக்கோ இருக்கிறது. போதாததற்கு ஐநோடு சிக்கல் வேறு. ஜிபி தாராளமாக இருக்கும், கோப்பு எண்ணிக்கைக்கான இடம் தீர்ந்திருக்கும், புதிதாக ஒரு வெற்றுக் கோப்பைக்கூட உருவாக்க முடியாது. எண்ணிக்கை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு நாசாவின் ஸ்பிரிட் ஊர்தியே சாட்சி. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கி மூன்று வாரம் ஆகுமுன் அதன் பேச்சு நின்றுபோனது. ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் குவிந்து, அவற்றின் பட்டியலை ஏற்றிக்கொள்ள ராம் போதாமல், மறுபடி மறுபடி ரீபூட் ஆகிக்கொண்டிருந்தது. தேவையற்ற கோப்புகளை இங்கிருந்தபடியே நீக்கி மீட்டார்கள். அளவை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் அங்கே என்ன சொல்லியிருக்கும்?

வரம்பாக வைக்கும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 90 சதவீதம் என்பது 100 ஜிபி டிஸ்க்கில் இன்னும் 10 ஜிபி மிச்சம் என்று பொருள், 20 டிபியில் 2 டிபி மிச்சம். இரண்டுக்கும் ஒரே அலர்ட் என்றால் பெரிய டிஸ்க்கின் அலர்ட்டை ஆட்கள் புறக்கணிக்கப் பழகுவார்கள், அந்தப் பழக்கம் சின்ன டிஸ்க்குக்கும் ஒட்டிக்கொள்ளும். அவசரத்தைச் சொல்வது வேகம்தான்: இதே ரீதியில் போனால் எத்தனை மணி நேரத்தில் நிறையும்? பிரொமீதியஸ் போன்ற கருவிகளில் கடந்த சில மணி நேரப் போக்கை நீட்டிப் பார்த்துச் சொல்லும் வசதி உண்டு. இரவு பேக்கப் ஏறி விடிகாலையில் இறங்கும் டிஸ்க்கில் அதுவும் ஏமாறும் என்பது வேறு விஷயம்.

ஆனால் வேகத்தைப் பார்த்திருந்தாலும் தவிர்த்திருக்க முடியாத சம்பவம் ஒன்று இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் நின்றன. உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் டிஸ்க் இடம் போதவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு நடந்த பராமரிப்பில் டேட்டாபேஸில் சேர்ந்திருந்த தரவை அழித்து ஒழுங்கு செய்தார்கள், அந்த வேலையின்போதே இடம் தீர்ந்துபோனதாக நிறுவனமே விளக்கியது. மாற்றுச் சர்வர்களும் அதே அமைப்பில் இருந்ததால் அவற்றிலும் அதே கோளாறு. இடத்தைக் காலி செய்யவும் இடம் வேண்டும் என்பதை அட்மின்களே மறந்துவிடுகிறோம். நேற்றைய அளவைக் காட்டும் ஸ்கிரிப்ட்டால் இன்றைய வேலைக்கு எவ்வளவு தேவைப்படும் என்று சொல்ல முடியாது. வேலையைத் தொடங்குமுன் யாராவது கணக்குப் போட வேண்டும்.

அலர்ட் வந்துவந்து அலுத்தவர்கள் அடுத்துச் செய்வது, அழிப்பதையும் ஸ்கிரிப்ட்டிடமே ஒப்படைப்பது. எனக்குப் பயம் தருவது இதுதான். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் சுமார் 77 டிபி ஆய்வுத் தரவு அழிந்தது. ஏறக்குறைய 3.4 கோடி கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்களுடையவை. அவற்றில் 4 குழுக்களின் தரவை பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. காரணம், ஒரு ஸ்கிரிப்ட்டில் பத்து நாளுக்கு மேற்பட்ட லாக்குகளை நீக்குவதற்கென்று இருந்த பகுதி. அந்த ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் புதிய பதிப்பை அதே கோப்பின் மேல் வைத்துவிட்டார்கள். ஸ்கிரிப்ட்டை ஓட்டும் பாஷ், கோப்பைச் சிறிது சிறிதாகப் படித்து ஓட்டும். நடுவில் மாறியதால் ஒரு மாறியின் மதிப்பு காலியாகி, லாக் ஃபோல்டரை அழிக்க வேண்டிய கட்டளை பயனர்களின் கோப்புகள் மேல் பாய்ந்தது. கணினியை வழங்கிய எச்பிஇ நிறுவனம் தவறு முழுவதும் தன்னுடையதே என்று ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டில் இதற்கு ஒரு சட்டப் பக்கமும் சேர்ந்திருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாளுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். லினக்ஸில் பழைய லாக்குகளைச் சுழற்றி நீக்கும் லாக்ரொடேட்டின் வழக்கமான அமைப்பு வாரத்துக்கொன்றாக நாலு லாக்குகளோடு நின்றுவிடும். அதை நம்பி இடம் ஒதுக்கியிருந்தவர்களுக்கு ஒரே உத்தரவில் லாக் ஃபோல்டர் ஆறு மடங்குக்கு மேல் வளர வேண்டியதாயிற்று. பழைய வரம்பு எண்ணோ ஸ்கிரிப்ட்டில் அப்படியே கிடக்கும். அது தினமும் கத்தும். கத்துவதை நிறுத்த எவரோ ஒருவர் அவசரத்தில் பழைய லாக்கை அழித்தால், அது விதிமீறல்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அலர்ட் வரவில்லை என்பதற்கு எல்லாம் நலம் என்று அர்த்தமில்லை. மெயில் அனுப்பும் கணக்கின் பாஸ்வேர்ட் காலாவதியாகியிருக்கலாம், சர்வரை மாற்றியபோது க்ரான் வரியை எடுத்துப்போட மறந்திருக்கலாம். அளந்தேன் என்று ஸ்கிரிப்ட் தினம் ஒரு இடத்தில் நேரத்தைப் பதிய வேண்டும். அந்தப் பதிவு நின்றால் வேறொரு கருவி கூப்பிட வேண்டும். இது இல்லாத ஃபோல்டர் கண்காணிப்பை நான் கண்காணிப்பில் சேர்ப்பதில்லை.

ஆகவே இரவில் ஆளை எழுப்பும் உரிமையை டிஸ்க்குக்கு மட்டும் கொடுக்கலாம்: இடம், ஐநோடு, நிறையும் வேகம், அவ்வளவுதான். அந்த அலர்ட்டைப் பெறும் இரவு ஷிஃப்ட்காரர் செய்யக்கூடியதும் கொஞ்சம்தான். உரியவரிடம் பேசிவிட்டு அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்யலாம், கோப்புகளைச் சுருக்கலாம், வேறு டிஸ்க்குக்கு நகர்த்தலாம். எந்த வாடிக்கையாளரின் எந்த வருடத் தரவு இனி வேண்டாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை, இருக்கவும் கூடாது. அந்த முடிவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் காலை பத்து மணிக்கு அலுவலகம் வருவார். ஃபோல்டர் பட்டியல் அவர் பெயருக்கு, அந்த நேரத்துக்குப் போகட்டும்.