எளிய பக்கத்தின் சிறப்பு

மலேசியாவின் கேமரன் மலையில் 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில், முற்றிய இலையை விடுத்து இரண்டிலையும் ஒரு மொட்டும் மாத்திரமே கிள்ளியெடுத்த விரல்களின் விவேகத்தை, 1998 பொங்கலன்று ஊதியம் கருதாத அன்பர்களால் ஆரம்பமான, தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் மதுரைத் திட்டத்தின் இணையப் பக்கங்களிலும் கண்டு ரசிக்கிறேன். சுவிட்சர்லாந்துவாசியான ரசாயன விஞ்ஞானி கல்யாணசுந்தரம் முதலானோர், பல தேசங்களிலிருந்து தட்டெழுதியும் பிழைதிருத்தியும் உதவிய தொண்டர்களின் உழைப்பை, அலங்காரமற்ற ஹெச்டிஎம்எல் பக்கங்களாக வெளியிட்டனர். டிஸ்கி என்னும் தமிழ்க் குறியீட்டு முறையில் வெளியான நூல்கள் பின்னர் யூனிகோடுக்கும் மாறின. ஆடம்பர மென்பொருளைப் பராமரிக்கும் நிபுணர் விலகினால் தளமே ஸ்தம்பிக்கக்கூடும். சாதாரண ஹெச்டிஎம்எல் கோப்பையோ, அடுத்து வரும் எவரும் திறந்து திருத்தலாம். மலைச்சரிவில் இணையம் மெலிந்தாலும் அப்பக்கம் அதிகத் தாமதமின்றி விரியும் என்பது வாசகருக்குக் கிட்டும் உபரி லாபம்.