லீட்மேன்

ஹாலிவுட்டில் செட்டின் சுவர் எழும்பி வண்ணம் காய்ந்த பிறகு உள்ளே நுழைவது லீட்மேனின் ஆட்கள். ‘ஸ்விங் கேங்’ என்று பெயர். எந்த நாற்காலி, எந்தத் திரைச்சீலை என்று முடிவு செய்பவர் செட் டெக்கரேட்டர். அவற்றை வாடகைக் கிடங்கிலிருந்து லாரியில் ஏற்றி, குறித்த நாளில் இறக்கி வைக்க வேண்டியவர் லீட்மேன். ஆள், வண்டி, நேரம் எல்லாம் அவர் கணக்கு.

மேசைமேல் சும்மா இருக்கும் தேநீர்க் கோப்பை செட் அலங்காரம். நடிகர் எடுத்துக் குடித்தால் அது பிராப்பர்ட்டி மாஸ்டரின் பொருள். எல்லை அவ்வளவு மெல்லியது.

உண்மையான வீட்டில் படம் பிடிக்கும்போதுதான் இந்த வேலையின் நேர்த்தி தெரியும். முதலில் அறையை மூலை மூலையாகப் புகைப்படம் எடுப்பார்கள். பிறகு தரையில் அட்டை விரிப்பார்கள். கதவு நிலைகளில் தடித்த போர்வை சுற்றுவார்கள். அலமாரியின் எந்தத் தட்டில் எந்தப் புத்தகம் சாய்ந்திருந்தது என்பதுவரை படத்தில் இருக்கும். திரும்பி வரும் வீட்டுக்காரருக்கு யாரும் வந்துபோன சுவடே தெரியக் கூடாது.

படப்பிடிப்பு பாதியில் நிற்கும் செட்டுக்கு ‘ஹாட் செட்’ என்று பலகை மாட்டுவார்கள். சாம்பல் கிண்ணத்தைக்கூட நகர்த்த முடியாது. நகர்த்தினால் அடுத்த நாள் காட்சியின் தொடர்ச்சி கெட்டுவிடும்.

சிறந்த தயாரிப்பு வடிவமைப்புக்கான ஆஸ்கரை புரொடக்‌ஷன் டிசைனரும் செட் டெக்கரேட்டரும் பகிர்ந்துகொள்கிறார்கள். சோபாவை மாடிக்கு ஏற்றிய கூட்டத்தின் தலைவருக்கு அதில் பங்கில்லை. விருது மேடைக்கு வெகு முன்பே, செட்டைக் கலைத்து, வாடகைப் பட்டியலோடு ஒவ்வொரு விளக்கையும் சரிபார்த்து, கீறல் விழுந்ததைத் தனியே குறித்து, லாரியை அனுப்பியிருப்பார்.